வித்தியாசம் தெரியவில்லை

பௌர்ணமி வேலைநாளில் விழுந்தால் அந்தக் கல்லூரியில் பாதி வகுப்பு காலிதான். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு இளநீர் சீவுவார்கள், கற்பூரம் விற்பார்கள். கல்லூரிக்கு மட்டும் வயிற்று வலி என்று சீட்டு வந்து சேரும். தப்பித் தவறி வந்துவிட்ட பத்துப் பதினைந்து பேருக்கு, மத்தியானச் சோற்று மயக்கத்தில், சுனந்தா புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தாள்.

நடத்திக்கொண்டிருந்தாள் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். பத்தொன்பது வருஷமாக அதே குறிப்பை வாசிக்கிறவளுக்கு வாய் ஒரு பக்கம் ஓடும், மனசு இன்னொரு பக்கம் சுருண்டு படுத்திருக்கும். ஊரிலுள்ள அலுப்பெல்லாம் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்துப் பங்குனியில் தன் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம். "உண்மையிலேயே வித்தியாசம் இருக்கறப்போ, அது இருக்குன்னு நம்ம சோதனை கண்டுபிடிச்சுச் சொல்ற வாய்ப்பு. அதுக்குப் பேரு சோதனையோட திறன், பவர். எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள். ரெண்டு மார்க் கேள்வி. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து ரொம்ப நாளாகிறது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் மணிமொழி நின்றிருந்தாள். நெல்லிமேட்டையும் சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் பார்க்கிற கிராம சுகாதார நர்ஸ். நீல வெள்ளைச் சேலை முழுக்கப் புழுதி. பைபாஸிலிருந்து இந்தக் கூட்டத்தில் நடந்தே வந்திருக்கிறாள்.

"மேடம், கிழக்கு லைன்ல இன்னும் ரெண்டு பேருக்கு வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க" என்றாள், உட்காரக்கூட இல்லை.

என்ன வந்துவிட்டது என்று சுனந்தா கேட்க வேண்டியிருக்கவில்லை. நெல்லிமேடு அவள் பிறந்த ஊர். கீழ்பென்னாத்தூரில் இறங்கி வேன் பிடித்துப் போக வேண்டும். தை மாதத்தில் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இரண்டு குழாய் பிரிகிறது, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. கிழக்கே போகிற குழாய் ஒரு இடத்தில் சாக்கடைக்குள் முங்கி எழுந்து போகிறது. காமாலை கிழக்குப் பக்கத்தில்தான் ஜாஸ்தி என்று மணிமொழிக்குத் தோன்றியது. ஒன்றியத்துப் பொறியாளரிடம் போய்ச் சொன்னாள். நர்ஸுக்குத் தோன்றியதற்கெல்லாம் குழாய் மாற்ற முடியுமா? ஆதாரம் கொண்டுவா என்றார். சோதனைக்கு அனுப்பிய தண்ணீர் பாட்டிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் மாசி மாதத்தில் அவள் சுனந்தாவைத் தேடி வந்தாள். நம்ம ஊர் மேடம், கணக்குத் தெரிந்தவங்க.

சுனந்தா ஒரு சனிக்கிழமை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கிழக்கே முப்பது வீடு, மேற்கே முப்பது வீடு. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடந்த மூன்று மாசத்தில் இந்த வீட்டில் யாருக்காவது காமாலை வந்ததா? கிழக்கே ஐந்து வீட்டில் வந்திருந்தது, மேற்கே இரண்டு வீட்டில். ராத்திரிச் சமையலுக்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த அளவு வித்தியாசம் சும்மா தற்செயலாகவே வரக்கூடியதுதான் என்று விடை வந்தது. 'இரு பகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கால் வலி வேறு.

"என்ஜினியரைப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. உங்க பேப்பர எடுத்து மேசை மேல போட்டாரு. தண்ணிக்கும் காமாலைக்கும் சம்பந்தமே இல்லன்னு காலேஜ் ப்ரொபசரே எழுதிக் குடுத்துட்டாங்க, நீ எதுக்கும்மா மறுபடி மறுபடி வர்றேன்னு கேட்டாரு."

"சம்பந்தம் இல்லன்னு நான் எழுதவே இல்லையே! வித்தியாசம் காணப்படலன்னுதானே எழுதியிருக்கேன்."

மணிமொழி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானேங்க மேடம்?"

கால் மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே சுனந்தா ரெண்டு மார்க்குக்கு எழுதிக்கொள்ளச் சொன்னது இதைத்தான். இரண்டும் ஒன்று இல்லை என்பதைத்தான். சொல்லிக்கொடுக்கிறவளே வீட்டில் அதை மறந்துவிட்டு ராத்திரிச் சமையலுக்குப் போயிருக்கிறாள்.

"சொல்றதக் கேளுங்க" என்று மணிமொழி குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணன் வீட்ல வேலை செய்யுதே பாஞ்சாலை, அது பொண்ணு வள்ளி மாசமா இருக்கறா. ஏழாம் மாசம். தலைப்பிரசவம், சித்திரையில அம்மா வீட்டுக்குக் கூட்டியாருவாங்க. சும்மா இருக்கற ஆளுக்குக் காமாலை வந்தா ரெண்டு மாசம் படுத்து எந்திரிச்சிடுவாங்க. புள்ளத்தாச்சிக்கு இந்தத் தண்ணிக் காமாலை வந்தா தாயும் இல்ல, புள்ளயும் இல்ல. நான் ஒருத்திய பாத்துட்டேன் மேடம், செய்யாறு பக்கம் வேலை செஞ்சப்ப. இன்னொரு வாட்டி பாக்க என்னால ஆவாது. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள லைன மூடணும்."

தூரத்தில் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் கவுன் போட்ட நாலு வயசுப் பெண் குழந்தை, பேர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் காவல் உதவி மையத்துக்கு வரவும். மாசா மாசம் கேட்கிறதுதான். சுனந்தா அந்தச் சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மணிமொழி, இந்தக் கூட்டத்துல ஒருத்தி புள்ளயத் தொலைச்சுட்டு நிக்கறா. நான் தேடிட்டு வரேன்னு போயி, ஒரு முப்பது பேர் முகத்த மட்டும் பாத்துட்டு வந்து, உன் புள்ள இந்த ஊர்லயே இல்லம்மான்னு சொன்னா?"

"செருப்பால அடிப்பா."

"நான் செஞ்சது அதுதான்."

மணிமொழி கோபித்துக்கொண்டிருந்தால் சுனந்தாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவளோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, திரும்பவும் பைபாஸுக்கு நடக்க வேண்டுமே என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் சுனந்தா முதல் வேலையாக அந்தக் கணக்கைப் போட்டாள். அறிக்கை எழுதும் முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. மேற்கே பதினைந்து வீட்டுக்கு ஒரு வீடு, கிழக்கே ஆறு வீட்டுக்கு ஒரு வீடு, இதுதான் நிஜம் என்று வைத்துக்கொண்டால், முப்பதும் முப்பதும் கேட்டு அந்த நிஜத்தைப் பிடிக்க என்ன வாய்ப்பு? நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. வித்தியாசம் மலை மாதிரி எதிரே நின்றாலும், நாலு தடவையில் மூன்று தடவை அவளுடைய சோதனை 'காணப்படவில்லை' என்றுதான் சொல்லியிருக்கும். கேட்கப் போவதற்கு முன்பே பதில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட விஷயம். இதற்கு மாணவர்களை வெயிலில் அலைய விட்டு, வேன் வாடகை கொடுத்து, முத்திரை வேறு.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் பொறியாளர் சகாதேவனைப் பார்க்கப் போனாள். மனிதர் கெட்டவர் இல்லை. நாற்பது ஊர்த் தண்ணீர் அவர் தலையில். மேசைக்குப் பக்கத்தில் எரிந்துபோன மோட்டார் ஒன்று கிடந்தது. அவளைவிட அவர் அலுத்துப்போயிருந்தார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், வித்தியாசம் இல்லன்னு எழுதினதும் நீங்க. இப்ப இருக்கலாம்னு சொல்றதும் நீங்க. நான் எந்த சுனந்தா மேடத்த நம்பறது?"

"இல்லன்னு எழுதல சார். என் கண்ணுக்குத் தெரியலன்னு எழுதினேன். அந்தக் கண்ணால பாத்திருக்கவே முடியாதுன்னு இப்பதான் கணக்குப் போட்டேன். தப்பு என் மேலதான்."

இதை எதிர்பார்க்காதவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப என்ன செய்யணும்கறீங்க?"

"லைன மூடுங்க."

"எதைக் காட்டி மூடறது? அந்தப் பக்கம் நூத்துச் சொச்சம் குடும்பம். தண்ணிய நிறுத்தினா நாளைக்கே குடத்தத் தூக்கிட்டு ரோட்ல உக்காருவாங்க. மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. நான் உங்க பேப்பரத்தான் காட்டணும். அதுல காணப்படலன்னு இருக்கு." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு செய்யுங்க. முப்பது வீடு பத்தலன்னுதானே சொல்றீங்க? எல்லா வீட்டையும் கேளுங்க. இருக்குன்னு ஒரு வரி, கையெழுத்தோட கொண்டாந்து குடுங்க. அன்னிக்கே வால்வ மூடறேன். மேற்கு லைன்லேர்ந்து ஓஸ் இழுத்தாவது தண்ணி குடுக்கறேன். என் வார்த்தை."

வெளியே வந்து வேப்ப மர நிழலில் நின்றாள். சோதனைக்குத் திறன் கூட வேண்டுமென்றால் வழி இரண்டுதான். நிறையப் பேரைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும், இன்னும் நிறையப் பேருக்கு நோய் வரும்வரை. வகுப்பில் இரண்டாவதைச் சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. இப்போது நினைக்கவே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லிமேட்டில் இறங்கினாள். மணிமொழி பத்து மணிக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். போலியோ சொட்டு மருந்து வேலையில் மூன்று வாரமாக அந்த ஊர்ப் பக்கமே அவள் வரவில்லை, சுகாதார நிலையத்திலேயே நிறைய எழுத்து வேலை குவிந்து கிடந்தது. அதுவரைக்கும் அண்ணன் வீட்டில் உட்காரலாம் என்று சுனந்தா நயினார் தெருவுக்குள் நுழைந்தாள். ஜைனக் குடும்பங்கள் இருக்கிற தெரு அது, ஊரின் கிழக்குப் பக்கம். அதைத் தாண்டி இறங்கி ஏறினால் மேட்டுத் தெரு, கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடுகள். இரண்டு தெருவுக்கும் ஒரே கிழக்குக் குழாய்.

அண்ணன் சாந்திகுமார் செய்தித்தாளை மடக்கி வைத்தார். அண்ணி த்ரிசலா பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சுனந்தா பாதி குடித்தாள். மீதியைக் குடிக்க முடியாமல் செம்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இது காய்ச்சின தண்ணியா?"

"என்னடி கேள்வி இது? என்னிக்கு இந்த வீட்ல பச்சைத் தண்ணி குடிச்சோம்? துணியில வடிகட்டி, காய்ச்சித்தானே வெக்கிறது. நீ பொறந்ததுலேர்ந்து அதத்தானே குடிச்ச."

"நம்ம தெருவுல எல்லா வீட்லயுமா?"

"பாதிக்கு மேல அப்பிடித்தான். வயசானவங்க இருக்கற வீட்லலாம் கண்டிப்பா."

தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக்கூடத் தீங்கு வந்துவிடக்கூடாது என்று வடிகட்டுகிற வழக்கம். இருபத்து நாலு வருஷம் அவள் வளர்ந்த வழக்கம். அவளுக்கு அது வழக்கமாகவே தோன்றியதில்லை, தண்ணீர் என்றாலே அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். கிழக்கே அவள் கேட்ட முப்பது வீட்டில் இருபதுக்கு மேல் இந்தத் தெருதான். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அன்று சனிக்கிழமை. மேட்டுத் தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டியிருந்தது, எல்லோரும் கடலைக் காட்டில் களை எடுக்கப் போயிருந்தார்கள். பூட்டின வீட்டுக்குப் பதிலாகத் திறந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னது அவள்தான். நயினார் தெருவில் எல்லாக் கதவும் திறந்திருந்தது, நம்ம சுனந்தா வந்திருக்கா என்று மோர் கொடுத்தார்கள், பாய் போட்டார்கள். குழாயில் என்ன விஷம் வந்தாலும் அடுப்பிலேயே செத்துப்போகிற வீடுகளாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டுவிட்டு, கிழக்கே காமாலை ஒன்றும் பெரிதாக இல்லை என்று எழுதியிருக்கிறாள். வெறும் எண்ணிக்கைக் குறைவு மட்டுமில்லை. இருந்த கொஞ்ச நஞ்சப் பார்வைக்கும் அவளே திரை போட்டுவிட்டிருக்கிறாள்.

"அப்ப நம்ம வீட்ல யாருக்கும் வரலதானே?" என்று மறுபடி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

"நமக்கு வரல. பாஞ்சாலைக்கு வந்துச்சு, தையில. பதினஞ்சு நாள் வேலைக்கே வரல. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சு எப்பிடியோ எழுந்துட்டா."

"பாஞ்சாலைக்கா? அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப ஏன் அண்ணி சொல்லல?"

த்ரிசலாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இந்த வீட்ல யாருக்காவது வந்துச்சான்னுதானே கேட்ட? பாஞ்சாலை நம்ம வீடா?"

சாந்திகுமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தொழுவத்துப் பக்கம் இருந்த குழாயைச் சுனந்தா பார்த்தாள். காலையில் வந்து சாணி அள்ளி, களம் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, பாஞ்சாலை அந்தக் குழாயில்தான் கையை ஏந்திக் குடிப்பாள். காய்ச்சின தண்ணீர்ப் பானை சமையல்கட்டுக்குள் இருக்கிறது. அங்கே அவள் வருவதில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்று சொன்னதும் இல்லை. ஒரே வீடு, ஒரே குழாய். உள்ளே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு வெளியே இருப்பவளைக் கேட்காமல் போனது வேறு யாருமில்லை, சுனந்தாதான்.

மணிமொழி வந்ததும் இரண்டு பேரும் மேட்டுத் தெருவில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இந்தத் தடவை சுனந்தா கேள்வியை மாற்றிக்கொண்டாள். குடிக்கிற தண்ணியைக் காய்ச்சுவீங்களா? இந்தக் குழாய்த் தண்ணி குடிக்கிறவங்க யாருக்காவது, வேலைக்கு வர்றவங்களோ தங்கியிருக்கறவங்களோ, யாருக்காவது காமாலை வந்துச்சா? தெருவில் பாதி போவதற்குள்ளேயே விடை வந்துவிட்டது. ஒரு வீடு விட்டு ஒரு வீடு வந்திருந்தது. காய்ச்சிக் குடிக்க விறகுக்கு எங்கே போவது என்று ஒரு கிழவர் அவளைத் திருப்பிக் கேட்டார். மேற்குப் பக்கத்தை அடுத்த வாரம் முழுசாகக் கேட்டாலும் இதற்குப் பக்கத்தில் வராது என்பதற்கு இனி புள்ளியியல் அட்டவணைப் புத்தகமே வேண்டாம், வெறும் கண்ணே போதும். நாளைக்குக் காலையில் சகாதேவன் மேசையில் வைத்துவிடலாம், நாளை மாலைக்குள் வால்வு மூடிவிடும்.

"சித்திரைக்கு இன்னும் நாள் இருக்குது. நல்ல வேளை மேடம்" என்றாள் மணிமொழி. வெயிலில் கறுத்த முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. சுனந்தாவுக்கும் கால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

பாஞ்சாலை வீடு தெருவின் கடைசி. ஓலை மாற்றி அதிக நாளாகவில்லை. வாசலில் பாய் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல்.

மணிமொழி அப்படியே நின்றுவிட்டாள்.

"வள்ளி? நீ எப்ப வந்த?"

"மூணு வாரம் ஆவுதுக்கா. அவரு கட்டட வேலைக்கு பெங்களூரு போயிட்டாரு. அம்மா வந்து இட்டுனு வந்துடுச்சு" என்று அந்தப் பெண் எழப் பார்த்தாள். உட்கார், உட்கார் என்றாள் மணிமொழி.

உள்ளேயிருந்து பாஞ்சாலை ஓடி வந்தாள். நயினார் வீட்டுப் பெண், காலேஜில் வேலை பார்க்கிறவள், தன் வாசலுக்கு வந்திருக்கிறாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவளுக்கு. "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்களே, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டாள். மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வள்ளி மெதுவாக எழுந்து உள்ளே போய், எவர்சில்வர் தம்ளரைத் துடைத்து, குடத்திலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து சுனந்தாவிடம் நீட்டினாள்.

சுனந்தா வாங்கிக்கொண்டாள். தம்ளர் சில்லென்று இருந்தது. உதட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

பாஞ்சாலையின் முகம் சுருங்கிப்போயிற்று. எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பழகின விஷயம்தான், இருந்தாலும் தன் வாசலில் நடக்கிறது. "எங்க வூட்டுத் தண்ணி வேணாங்களாம்மா?" என்றாள் மெதுவாக.

"ஐயோ, அது இல்ல பாஞ்சாலை! சத்தியமா அது இல்ல. தண்ணி சரியில்ல. இந்தக் குழாய்த் தண்ணியாலதான் தெரு முழுக்கக் காமாலை வருது. உனக்கு வந்ததும் அதாலதான்."

பாஞ்சாலை சிரித்தாள். பெரிய ஆட்கள் எதையாவது சொல்லிச் சமாளிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு அது. "இன்னாம்மா நீங்க. தண்ணி நல்ல தண்ணிதான்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? பஞ்சாயத்து ஆபீஸ் ஸ்பீக்கர்ல உங்க பேரச் சொல்லியே சொன்னாங்களே, நம்ம ஊர் சுனந்தா மேடம் சோதனை பண்ணிப் பாத்துட்டாங்க, தண்ணியில ஒண்ணும் இல்ல, யாரும் பயப்பட வேணாம்னு." மகளின் தலையில் ஒட்டியிருந்த புளி நாரை எடுத்துப் போட்டாள். "எனக்கு வந்ததிலேர்ந்தே தண்ணி மேல ஒரு பயம்மா. மாமியா வூட்லயே இருடி, கடைசி மாசம் வந்தா போதும்னு இவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நீங்க சொன்னீங்கன்னு கேட்டப்புறம்தான் மனசு ஆறிச்சு. பெரிய வூட்டுப் பொண்ணு, படிச்சவங்க, நம்ம கண்ணு முன்னால வளந்தவங்க, பொய்யா சொல்லுவாங்க? போயி இட்டுனு வந்துட்டேன்."

சுனந்தா பாயில் உட்கார்ந்தாள். வித்தியாசம் காணப்படவில்லை என்று அவள் எழுதினாள். பொறியாளர் மேசைக்குப் போவதற்குள் அது சம்பந்தம் இல்லை என்று ஆயிற்று. ஸ்பீக்கரில் ஏறியபோது பயப்பட வேண்டாம் என்று ஆயிற்று. பாஞ்சாலை காதில் விழுந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு வா என்று ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதியிருப்பாள்: நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரி. அன்று ராத்திரிச் சமையலுக்கு நேரமாகிவிட்டது.

"மூணு வாரமா இந்தத் தண்ணிதான் குடிக்கறியா?" என்று மணிமொழி வள்ளியைக் கேட்டாள்.

"பின்ன? பசிக்கிதோ இல்லியோ, தாகந்தான் ஜாஸ்தியா எடுக்குதுக்கா. ஒரு குடம் நானே குடிக்கறேன்னு அம்மா கிண்டல் பண்ணுது."

"இங்க வா. வெளிச்சத்துக்கு வா." மணிமொழி அவள் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒரு கண், இன்னொரு கண். நகத்தைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். அப்புறம் சுனந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மேடம். வெள்ளையா இருக்குது."

சுனந்தா எழுந்து போய்த் தானும் பார்த்தாள். வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. பாலில் கழுவின மாதிரி இரண்டு கண். மஞ்சளின் சுவடே இல்லை.

"உள்ள போயிருந்தா வெளிய தெரிய எவ்ளோ நாள் ஆகும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு மாசம். சில பேருக்கு ஒன்றரை மாசமும் ஆவுது."

பாஞ்சாலைக்கு அப்போதுதான் இது சமாளிப்பு இல்லை என்று உறைத்தது. ஒருத்தி முகத்தை மாற்றி ஒருத்தி முகத்தைப் பார்த்தாள். "இன்னாம்மா? இன்னா சொல்றீங்க? எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லதானே? இப்பதானே பாத்தீங்க, ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

ஆமாம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபமான வார்த்தை. சொன்னால் அந்த முகம் உடனே தெளிந்துவிடும். சுனந்தாவுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"தெரியல பாஞ்சாலை" என்றாள். "இப்ப பாத்தா ஒண்ணும் தெரியல. இல்லன்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்கும் எனக்குத் தெரியல, தெரியலன்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லாம விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டேன். வள்ளிய இன்னிக்கே என்கூட அனுப்பு. நீயும் வா. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம். பிரசவம் வரைக்கும் என் வீட்ல இருக்கட்டும்."

பாஞ்சாலை திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. உள்ளே போய் மகளின் துணிகளை ஒரு கட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் வள்ளி, பக்கத்தில் சுனந்தா, பின் இருக்கையில் பாஞ்சாலை. மணிமொழி குடத்துத் தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்லி வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பாள் இந்நேரம். காற்று அடித்ததும் வள்ளி கொஞ்சம் கலகலப்பானாள். பெங்களூரில் புருஷன் தங்கியிருக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னாள், பெண் குழந்தை என்றால் வைக்கப்போகிற பேரைச் சொன்னாள். சுனந்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மேடம், அப்பலேர்ந்து எங் கண்ணையே பாக்கறீங்க?" என்று வள்ளி வெட்கத்தோடு சிரித்தாள். "எதுனா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலம்மா" என்றாள் சுனந்தா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.